திருநீறு சிந்தும் முயல்தோல் பை

ஃபூ... ஃபூ... ஃபூ...

அதுக்கப்புறம் தப்புன்னு ஒரு தட்டு, உள்ளங்கையால தட்டுற மாதிரி. மறுபடியும் ஃபூ... ஃபூ...

ரயிலு வாரதுக்கு முந்தி, கெணத்துல மோட்டாரு எறங்குறதுக்கு ரொம்ப ரொம்ப முந்தி, கள்ளிப்பொட்டல்னு ஒரு ஊருல, ஒரு மாசி மாசத்து வெயில் ஏறுன நேரம், வெள்ளத்தாயி காதுல விழுந்த சத்தம் இதுதானாம். அப்ப அவ உரல்ல கம்பு இடிச்சுக்கிட்டு இருந்தாள். சத்தம் ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து வருது. ஆளு தெரியல. பாம்பு சீறுதோன்னு நெனச்சா, பாம்பு எங்க தட்டப் போகுது? அடுப்பு ஊதுறாங்களோன்னு நெனச்சா, பொகையைக் காணோம். தூக்குன உலக்கையைத் தூக்குன வாக்குல பிடிச்சுக்கிட்டுக் காதைக் குடுத்துக் கேட்டாளாம். அப்புறம் உலக்கையைச் சுவத்துல சாத்திட்டு, தட்டியை விலக்கி எட்டிப் பாத்தாளாம்.

பாத்தா, கொழுந்தன் பொண்டாட்டி குருவம்மா. கல்யாணமாகி வந்து இன்னும் இருபது நாளு ஆகல. மடியில ஒரு செத்த முயலு. அதோட பின்னங்கால்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, ஆமணக்கு எலைக்காம்பை அதுல சொருகி, காம்பை வாயில வச்சு, நாயனக்காரன் மாதிரி ரெண்டு கன்னமும் உப்ப ஊதிக்கிட்டு இருக்காள். ஊத ஊத முயலு பெருக்குது. நாலு ஊது, ஒரு தட்டு. நாலு ஊது, ஒரு தட்டு. தோலுக்கும் சதைக்கும் நடுவுல காத்து ஓடுறது கண்ணுக்கே தெரியுது. கடைசியா காம்பை உருவிப் போட்டுட்டு, தொடையிடுக்குல ஒரு கீறு கீறி, ரெண்டு விரலைக் குடுத்து ஒரே இழு. கைப்பிள்ளைக்குச் சட்டையைக் கழட்டுற மாதிரி தோலு கழுத்து வரைக்கும் கழண்டு வந்துருச்சாம். ஒரு பொத்தல் இல்ல. ஒரு பொட்டு ரத்தம் இல்ல.

வெள்ளத்தாயிக்கு வயித்துக்குள்ள என்னமோ புரண்டுச்சாம்.

ஏன் புரண்டுச்சு? அதைச் சொன்னாத்தான் மத்தது வெளங்கும்.

கள்ளிப்பொட்டல்ல வேட்டைக்குப் போறது ஆம்பளைக. வலை கட்டுறது, பொதரைக் கலைக்கிறது, முயலை அடிக்கிறது எல்லாம் அவுக பாடு. அடிச்சதை உரிக்கிறது பொம்பளைக பாடு. முயல்தோலு இருக்கே, அது வெங்காயச் சருகு மாதிரி. ஆட்டுத்தோலை இழுக்கிற இழுப்பை அதுகிட்ட வச்சுக்க முடியாது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் கையோட பிஞ்சு வந்துரும். மத்த நாள்ல கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது. ஆனா பங்குனியில சாமிவேட்டைன்னு ஒண்ணு வரும். ஊரு எல்லையில நிக்கிற வேட்டைக்கருப்புக்கு அன்னைக்கு ஒரு முயலோட தோலை முழுசா உருவி, கழுத்தையும் முன்னங்காலு ரெண்டையும் நூலால இறுக்கிக் கட்டி, பையாக்கி, அந்தப் பையிலதான் வருசம் பூராவும் சாமிக்குத் திருநீறு வைப்பாக. குறி சொல்ற கோடாங்கி அந்தத் தோலை வாங்கி, தோலோட தொறந்த வாயில கண்ணை வச்சு, சூரியனுக்கு நேரா பிடிப்பாரு. ஊசிமொனை வெளிச்சம் வந்தாலும் போச்சு, அது சாமிக்கு ஆகாது.

அந்த முயலை உரிக்கிற உரிமை ஊருக்குள்ள ஒரு குடும்பத்துக்கு. குடும்பத்துக்குள்ள ஒரே ஒரு பொம்பளைக்கு. அவ கையில ஒரு கத்தி இருக்கும். சுண்டுவிரல் நீளம், மான்கொம்புப் பிடி. அதை வச்சிருக்கிறவளுக்கு ஊருல கத்திக்காரின்னு பேரு.

வெள்ளத்தாயி அந்த வீட்டுக்கு மூத்த மருமக. சடையனைக் கட்டி, ஒரே ஒரு பித்தளைச் சொம்போட வாழ வந்தவ. அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, சீரு செனத்தி ஒண்ணும் இல்ல. மாமியா காத்தாயி மூணு வருசம் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். ஏ சொம்பு தண்ணி கொண்டா, ஏ சொம்பு சாணி அள்ளு, இதுதான். மாமியா கூப்பிட்டா ஊரு சும்மா இருக்குமா? கெணத்தடியிலயும் சொம்பு, களத்துமேட்டுலயும் சொம்பு. அப்புறம் ஒரு வருசம் சாமிவேட்டையில காத்தாயிக்குக் கை நடுங்கிப் போச்சு. மருமக கத்தியை வாங்கி உரிச்சாள். கோடாங்கி சூரியனுக்கு நேரா பிடிச்சாரு. வெளிச்சம் வரல. அன்னைக்கு மாமியா கத்தியைத் தொடைச்சு அவ கையில வச்சு, "வெள்ளத்தாயி, இது இனி உனக்கு"ன்னாளாம். அன்னையிலிருந்து பதினோரு வருசம் அவதான் கத்திக்காரி. பதினோரு தோலு. ஒண்ணுல கூடப் பொத்தல் இல்ல. சொம்புன்னு கூப்பிட்ட வாயெல்லாம் கத்திக்காரின்னு கூப்பிட்டுச்சு. கத்தி போனா? மறுபடியும் சொம்புதான்.

இப்ப தெரியுதா, வயித்துக்குள்ள புரண்டது என்னன்னு.

பாத்ததை அவ ஒரு ஆளுகிட்டயும் சொல்லல. அவ சொல்லாட்டி என்ன, குருவம்மா ஊதுறதைப் பாக்க மறுநாளே தட்டிக்குப் பின்னால பத்துப் பேரு. அதுக்கு மறுநாளு இருபது பேரு. கெணத்தடியில ஒருத்தி கேட்டாளாம், "என்ன கத்திக்காரி, ஒங்க வீட்டுக்கு ஊதுறவ வந்துட்டாளாமே, இனி அறுக்கிறவளுக்கு என்ன சோலி?" வெள்ளத்தாயி வெடுக்குனு கொடத்தைத் தூக்குனாள். பாதிக்கொடம் தண்ணி வழியிலேயே சிந்திப் போச்சாம்.

ஊரு பேசுனதைக்கூடத் தாங்கியிருப்பாள். கட்டுன புருசன் பேசுனதைத்தான் தாங்க முடியல. சடையன் ஒரு நாளு முயல்கறியைத் தின்னுக்கிட்டே, குருவம்மா உரிச்சா கொழம்புல ஒரு முடி கெடக்க மாட்டேங்குதேன்னானாம். அப்பாவி மனுசன், ருசியில சொன்னான். பதினோரு வருசமா நான் உரிச்சதுல எத்தனை முடி எண்ணுனீகன்னு இவ கேட்டாள். அவனும் யோசனை பண்ணி, எண்ணலையே, எடுத்து எடுத்துப் போட்டேன்னானாம். அகப்பையைச் சட்டிக்குள்ள போட்டுட்டு எந்திரிச்சுப் போனவ, அன்னைக்குப் பூராவும் சாப்பிடல.

இதுல குருவம்மா ஒரு சூது தெரிஞ்சவளா இருந்திருந்தாலும் பரவாயில்ல. வாய்க்கு வாய் அக்கா, அக்கான்னு வருவாள். வந்து, "நீயும் ஊதிப் பாரேன்க்கா, காட்டித் தாரேன். ரொம்ப லேசு"ம்பாள். அந்த ரொம்ப லேசுதான் வெள்ளத்தாயிக்கு நெருப்பு அள்ளிப் போட்ட மாதிரி இருக்குமாம். பதினோரு வருசமா மூச்சைப் பிடிச்சு, கட்டைவிரலை அடிக்கடி வெட்டிக்கிட்டு, நூலு நூலா எறக்குன வேலை, இவளுக்கு லேசாம்.

ஒரு நாளு யாரும் இல்லாதப்ப, வைக்கோல்படப்புக்குப் பின்னால போயி அவளும் ஒரு காம்பைச் சொருகி ஊதிப் பாத்தாளாம். ஊதுன காத்து முயலுக்குள்ள போகல. ரத்தமும் முடியுமா திரும்பி வந்து அவ மூஞ்சியில அடிச்சிருச்சு. முந்தானையால தொடைச்சுக்கிட்டு வந்துட்டாள். கிட்டப் போயி நின்னு ஒரு தடவை பாத்திருந்தா காம்பை எந்தச் சாய்வுல சொருகணும்னு தெரிஞ்சிருக்கும். பாக்கணுமே! குருவம்மா ஊத உக்காந்தா இவ உரலுக்குப் போயிருவாள். அங்க ஃபூன்னா இங்க உலக்கையை ஓங்கிப் போடுவாள், அந்தச் சத்தம் இந்தச் சத்தத்துல அமுங்கிப் போகட்டும்னு. காத்தாயி வந்து உரலுக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டு, நான் கம்புல்ல இடிக்கச் சொன்னேன், நீ சுண்ணாம்பு இடிச்சு வச்சிருக்கன்னாளாம்.

இப்பிடி இருக்கையில பங்குனி வந்துச்சு. சாமிவேட்டைக்கு எட்டு நாளு இருக்கிறப்ப, காத்தாயி மருமக ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சாள். எனக்கு வயசாச்சு, கத்தி நிக்க வேண்டிய கையில நிக்குதான்னு பாத்துட்டுப் போகணும்னாள். இந்த வருசம் சாமி மொசலைச் சின்னவ உரிக்கட்டும், தோலு தேறுனா கத்தி அவளுக்கு, தேறாட்டி பெரியவளுக்கே, அதுக்கப்புறம் பேச்சு இல்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாள். குருவம்மா முகம் பூத்துப் போச்சு. வெள்ளத்தாயி தரையைப் பாத்தாளாம். மண்ணுல ஒரு எறும்பு தன்னை விடப் பெரிய கம்புமணி ஒண்ணை இழுத்துக்கிட்டுப் போச்சாம். அது வளைக்குள்ள போற வரைக்கும் அவ தலையைத் தூக்கல.

இங்க ஒரு சங்கதி சொல்லணும். சாமிக்கு எடுக்கிற முயலு பால்முயலா இருக்கக் கூடாது. குட்டி போட்டுப் பால் குடுக்கிற முயலு வலையில விழுந்துட்டா, கத்தி படாம, ஒரு பிடி கம்போட அதைப் பொதைச்சிரணும். அடுத்த முயலைத்தான் எடுக்கணும். முயலை ஆம்பளைக கையிலிருந்து வாங்கி, மடியைத் தடவிப் பாத்து, பால் இல்லன்னு ஊரு கேக்கச் சொல்றது கத்திக்காரி வேலை. அவ ஒரு கைதான் பாக்கும். அவ ஒரு வாய்தான் சொல்லும். தப்பித்தவறிப் பால்முயலு மேல கத்தி வச்சுட்டா, கருப்பு மழையைப் பிடிச்சு வச்சுக்கிரும்னு நம்பிக்கை. வச்சவ பொறந்த வீட்டுக்குப் போயிரணும். மழை பெஞ்சாத்தான் திரும்பலாம். அப்பிடிப் போன ஒருத்தி மூணு வருசம் கழிச்சு வந்தாளாம். வந்தப்ப அவ அடுப்பை வேற ஒருத்தி ஊதிக்கிட்டு இருந்தாளாம்.

சாமிவேட்டை அன்னைக்குக் கருப்பு கோயிலுக்கு முன்னால உள்ள பாறையைச் சுத்தி ஊரே நிக்குது. பத்தடி தள்ளித்தான் நிக்கணும், கிட்ட வரக் கூடாது. பாறைமேல ஒரு சட்டியில சாம்பல். கை வழுக்காம இருக்க உரிக்கிறவ அதைத் தொட்டுக்குவாள். குளிச்சு முழுகி, ஈரக்கொண்டையோட குருவம்மா உக்காந்திருக்காள். எல்லாப் பொம்பளைகளும் மாதிரி அவளும் சாமிக்குப் போட ஒரு பிடி கம்பை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காள். 

மொத முயலு வந்துச்சு. கொழுந்தன் இருளன்தான் கொண்டு வந்து, "இந்தா மதினி"ன்னு நீட்டுனான். பொண்டாட்டி உரிக்கப் போற சந்தோசம் அவனுக்கு. வெள்ளத்தாயி சாம்பலைத் தொட்டுக்கிட்டு வாங்குனாள். இன்னும் ஒடம்புல சூடு இருக்கு. குனிஞ்சு மடியைத் தடவுனாள்.

ஈரம்.

பால்முயலு. எந்த ஆவாரம்புதருக்கு அடியிலயோ ரெண்டு குட்டி காத்துக் கெடக்குது.

ஒரு வார்த்தை சொன்னாப் போதும். முயலைப் பொதைப்பாங்க, அடுத்தது வரும், அதைக் குருவம்மா ஊதுவாள், உருவுவாள், கோடாங்கி சூரியனுக்கு நேரா பிடிப்பாரு, வெளிச்சம் வராது, கத்தி போயிரும். சொல்லாட்டி? அறுத்து, தோலை மடி வரைக்கும் எறக்குறப்ப பால் தெரியும். ஊரே பாக்கும். நான் தடவுனப்பக் காஞ்சுதான் இருந்துச்சும்பேன். இவ பொட்டியைக் கட்டிக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போவாள். அம்புட்டுத்தான் யோசிச்சாளாம். அவ கை அதுக்கும் முன்னாடியே சாம்பலோட மடியைத் தொடைச்சிருச்சாம். ஒரு தடவை. ரெண்டு தடவை. அப்புறம் நிமிந்து, பதினோரு வருசமா சொன்ன அதே கொரல்ல சொன்னாள்.

"பால் இல்ல."

சொல்லிட்டு, முயலையும் கத்தியையும் ஓரகத்தி கையில குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னாள். பெரியவளுக்கு என்ன பெரிய மனசு பாருன்னு கூட்டத்துல யாரோ பேசுனது காதுல விழுந்துச்சாம்.

குருவம்மா கத்தியால பின்னங்கால்ல ஓட்டை போட்டாள். காம்பைச் சொருகுனாள். ஃபூ... ஃபூ...

வெள்ளத்தாயி ஒண்ணை மறந்துட்டாள். மறந்துட்டாள்னு சொல்றது தப்பு, அவளுக்குத் தெரியவே தெரியாது. அறுத்து உரிக்கிறப்ப மடி கடைசியிலதான் வெளங்கும். ஊதுறப்ப அப்பிடி இல்ல, காத்து மொதல்ல வயித்துக்குத்தான் ஓடும். ஒரு நாளாவது கிட்ட நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உரலுக்குல்ல ஓடிப் போனாள். மூணாவது ஊதுக்கு வயிறு உப்புச்சு. மடி விம்முச்சு. அப்பியிருந்த சாம்பல் கறுத்து ஈரமாகி, அதுக்கு நடுவுல வெள்ளையா ஒரு சொட்டு எந்திரிச்சு நின்னுச்சாம்.

ஊதுன வாய் நின்னுச்சு.

குருவம்மா சொட்டைப் பாத்தாள். அதைச் சுத்தி இருந்த சாம்பலைப் பாத்தாள். காட்டு முயலு மடியில சாம்பல் எப்பிடி வரும்? மெல்லக் கண்ணைத் தூக்கி, பக்கத்துல நின்னவ உள்ளங்கையைப் பாத்தாள். அப்புறம் முகத்தைப் பாத்தாள். இதெல்லாம் ஒரு மூச்சு நேரம். பத்தடி தள்ளி நிக்கிறவுகளுக்கு என்ன தெரியும், அவ இளைப்பாறுறாள்னு நெனச்சாக.

வெள்ளத்தாயி சாம்பல் கையை முந்தானைக்குள்ள மறைச்சாள். இப்பக் கத்தப் போறாள், இப்பச் சொல்லப் போறாள்னு நிக்கிறாள். 

குருவம்மா கத்தல. முயலைக் குப்புறப் பொரட்டுனாள். தோலுக்குள்ள ரெண்டு விரலைக் குடுத்தாள். குடுத்து, வேணும்னே, முதுகுப்பக்கம் சர்ர்னு ஒரு கிழி கிழிச்சாள். எந்திரிச்சு நின்னு, "அத்தை, கை தவறிருச்சு. கிழிஞ்சு போச்சு"ன்னாளாம்.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பாத்துச்சு. அப்புறம் சிரிப்பு. காத்துக் கூடிப் போச்சுடான்னான் ஒருத்தன். ஊதுனது போதும்த்தா, நெல்லுல பதரைத் தூத்தப் போன்னான் இன்னொருத்தன். இருளன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வலையைச் சுருட்டுற மாதிரி திரும்பிக்கிட்டான். காத்தாயி கத்தியை வாங்கி மூத்தவ பக்கம் நீட்டுனாள். கிழிஞ்ச சாமி முயலைக் கறிக்கு எடுக்கக் கூடாது, அதையும் பொதைக்கிறதுதான் வழக்கம். குருவம்மாளே அதைத் தன் முந்தானையில பொதிஞ்சு எடுத்துக்கிட்டுப் போயி, பாறைக்கு மேற்கால குழி தோண்டி வச்சாள். மண்ணைத் தள்ளுறதுக்கு முன்னாடி முடிச்சை அவுத்து, கம்பை அதுமேல போட்டாளாம். கிழிஞ்ச முயலுக்குக் கம்பு போடுற வழக்கம் இல்ல. பால்முயலுக்குத்தான் போடுவாக. அதை வெள்ளத்தாயி பாத்தாள். தான் மட்டும்தான் பாத்தோம்னு நெனச்சாள்.

ரெண்டாவது முயலு வந்துச்சு. தடவுனாள், நெசமாவே பால் இல்ல. உரிச்சாள். கணுக்கால்ல வளையம் போட்டு, தொடையில கோடு இழுத்து, கத்திமொனையை முடிமாதிரி ஓட்டி, அக்குளுகிட்ட மூச்சைப் பிடிச்சு, நூலு நூலா எறக்குனாள். அவ ஆயுசுல அப்பிடி ஒரு தோலு உரிச்சதில்லையாம். ராக்கன் கோடாங்கி வாங்கிச் சூரியனுக்கு நேரா பிடிச்சு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, தேறிருச்சுன்னாரு. கொலவை போட்டாக. பதினோரு வருசத்துக் கைன்னா சும்மாவான்னாக.

ஜெயிச்சுட்டாள். கத்தி இடுப்புல இருக்கு. 

தோலை ஒம்பது நாளு பதம் பண்ணணும். உப்பும் மஞ்சளும் தேச்சு, நெழல்ல காய வச்சு, தெனம் ரெண்டு தடவை கையால கசக்கி மெதுவாக்கி, பத்தாம் நாளு கோயில்ல குடுக்கணும். ஒவ்வொரு நாளும் வெள்ளத்தாயி கசக்கிக்கிட்டே காத்திருந்தாள். இன்னைக்குக் குருவம்மா புருசன்கிட்டச் சொல்லுவாள். இல்ல, நாளைக்கு மாமியாகிட்டச் சொல்லுவாள். சொல்லித் தொலைச்சுட்டா தேவலை, நானும் பதிலுக்கு வாயைத் தொறந்துருவேன், சண்டை முடிஞ்சிரும். குருவம்மா சொல்லல. ஊரு அவளைக் காத்துக்காரின்னு கூப்பிட்டுச் சிரிச்சுச்சு. அவளும் கூடச் சேந்து சிரிச்சாள். ஆனா தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்னு போச்சு. ஃபூ இல்ல, தட்டு இல்ல. வெள்ளத்தாயி உலக்கையைப் பாதியில நிறுத்தி நிறுத்திக் காதைக் குடுப்பாளாம். அமுக்கிப் போடுறதுக்குக்கூட ஒரு சத்தம் இல்ல.

எட்டாம் நாளு பொறுக்க முடியாம, தொழுவத்துல சாணி அள்ளிக்கிட்டு இருந்தவ முன்னால போயி நின்னாள்.

"ஏண்டி யாருகிட்டயும் சொல்லல?"

குருவம்மா கூடையை எறக்கி வச்சாள். "சொன்னா நீ எங்கக்கா போவ? எனக்காச்சும் போறதுக்கு ஆத்தா வீடு இருக்கு. உனக்கு எங்க இருக்கு?"

நல்ல மனசுலதான் சொன்னாள். ஆனா வெள்ளத்தாயி காதுல விழுந்தது வேற. பித்தளைச் சொம்பு விழுந்துச்சு. அப்பன் இல்லாதவ, ஆத்தா இல்லாதவ, பாவப்பட்டவ. இவ போட்ட பிச்சையிலதான் கத்தி என் இடுப்புல இருக்கு. தோலு உரிக்கிறதும் இவளுக்கு லேசு, பழியைச் சொமக்கிறதும் லேசு, பெரிய மனுசியா இருக்கிறதும் லேசு. எனக்குன்னு இவ எதைத்தான் விட்டு வச்சாள்? 

நல்லவளா மாறித்தான் அவ அடுத்த காரியத்தைப் பண்ணுனாள்னு சில பேரு சொல்லுவாக. சொல்றவுக சொல்லட்டும். கள்ளிப்பொட்டல்காரங்க அப்பிடிச் சொல்றதில்ல. பொறாமையிலதான் பண்ணுனாள். அந்த ஒரு பெருமையையாவது குருவம்மா தனியா வச்சுக்கக் கூடாதுன்னுதான் பண்ணுனாள்.

பத்தாம் நாளு காலையில, கம்பு பாதி இடிஞ்சிருக்கையிலேயே கோயில்ல கொட்டுச் சத்தம். உலக்கையைச் சாத்திட்டுப் பையை எடுத்துக்கிட்டுப் போனாள். வெண்ணெய் மாதிரி மெதுவா, முடி மின்ன மின்ன, பை அப்பிடி ஒரு அழகு. ராக்கன் கோடாங்கி வாங்கக் கையை நீட்டுனாரு. வெள்ளத்தாயி குடுக்கல. இடுப்புல இருந்து கத்தியை எடுத்தாள். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையிலேயே, பையோட முதுகுல, குருவம்மா கிழிச்ச அதே எடத்துல, நக நீளத்துக்கு ஒரு கீறல் போட்டாளாம்.

காத்தாயி தலையில கையை வச்சுக்கிட்டாள். சடையன், உனக்குப் பித்தாடி பிடிச்சிருக்குன்னு ஓடி வந்தான்.

வெள்ளத்தாயி ஓரகத்தியைக் கைகாட்டுனாள். "அன்னைக்கு இவ கை தவறல. மொசலுக்குப் பால் இருந்துச்சு. சாம்பலைப் போட்டுத் தொடைச்சது நான். பால் இல்லன்னு சொன்னது நான். இவ அதைப் பாத்துட்டுக் கிழிச்சாள். அவ தோலு கிழிஞ்சதுன்னா என் தோலும் கிழிஞ்சதுதான்."

கூட்டம் கொதிச்சுப் போச்சு. பால்முயலு மேல கத்தி பட்டுருச்சே, இந்த வருசம் மழைக்கு என்ன பண்ணன்னு ஒரு பக்கம். சொம்பைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டுப் போகச் சொல்லுன்னு ஒரு பக்கம். சொம்புங்கிற வார்த்தையைப் பதினோரு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் கேட்டாளாம். அப்பக் கோடாங்கி உடுக்கையை ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் பேசுனாரு. முயலு குழிக்குள்ள போறப்பக் கம்பு விழுந்ததை நானும் பாத்தேன், யாரு வாயிலிருந்து வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்னாரு. கத்தி பட்டது கால்ல ஒரு ஓட்டைக்குத்தான், தோலை உரிச்சாத்தான் குத்தம், யாரும் உரிக்கல. கம்போட பொதைக்கணும், பொதைச்சாச்சு. கருப்புக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. மிச்சம் மனுச சமாச்சாரம்னு சொல்லிட்டு, கீறுன பையை வாங்கி, திருநீறை அள்ளிப் போட்டு, அப்பிடியே இடுப்புல கட்டிக்கிட்டாரு. நடந்தாரு. நடக்க நடக்கக் கீறல் வழியா திருநீறு கோடு மாதிரி மண்ணுல விழுந்துக்கிட்டே போச்சாம். மொதல்ல ஒரு பொம்பளை குனிஞ்சு அதைத் தொட்டு நெத்தியில வச்சாள். அப்புறம் எல்லாரும் குனிஞ்சாக.

வெள்ளத்தாயி கத்தியைக் கொண்டு போயி ஓரகத்தி முன்னால நீட்டுனாள். குருவம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எனக்கு எதுக்குக்கா? ஒரு ஓட்டை போட முள்ளு போதும். மிச்சத்துக்குக் காம்பு இருக்கு"ன்னாளாம்.

எதுக்காக இத்தனை நாளா வயிறு எரிஞ்சாளோ, அது குருவம்மாளுக்கு வேணவே வேணாமாம். வெள்ளத்தாயிக்கு அழுகிறதா சிரிக்கிறதான்னு தெரியல. காத்தாயிதான் மொதல்ல சிரிச்சாள். அவ சிரிச்சு ஊரு பாத்தது அன்னைக்குத்தான். கத்தியை வாங்கிக் கருப்பு பீடத்துல சொருகி வச்சாள். அது இன்னைக்கும் அங்கதான் இருக்கு, பிடி மட்டும் மாறியிருக்கு. அதோட கத்திக்காரிங்கிற பேரு அத்துப் போச்சு. அவளை மறுபடியும் சொம்புன்னு கூப்பிடவும் யாருக்கும் வாய் வரல. வேற என்னன்னு கூப்பிடுறது? வெள்ளத்தாயின்னே கூப்பிட்டாக.

இன்னைக்கும் நீங்க பங்குனியில கள்ளிப்பொட்டலுக்குப் போனா பாக்கலாம். சாமி முயலைத் தடவ ரெண்டு பொம்பளைக வருவாக, ஒரே வீட்டுல வாக்கப்பட்டவுகளா இருக்கணும். ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டுத்தான் தொடுவாக. ரெண்டு வாயும் பால் இல்லன்னு சொன்னாத்தான் கத்தி பீடத்திலிருந்து எறங்கும். பாறைமேல சாம்பச்சட்டி வைக்க மாட்டாக, கை வழுக்குனாலும் சரின்னு. தோலை ஒரு பொத்தல் இல்லாம உருவி, சூரியனுக்கு நேரா பாத்து, தேறிருச்சுன்னு சொல்லி, அப்புறம் அவுகளே முதுகுல நக நீளத்துக்குக் கீறிக் குடுப்பாக. அந்தக் கீறலுக்கு வெள்ளத்தாயி கீறல்னு பேரு. கோடாங்கி நடக்கிற வழியெல்லாம் திருநீறு சிந்தும். பைத் திருநீறை அங்க யாரும் கையை நீட்டி வாங்க மாட்டாக. குனிஞ்சு மண்ணுலிருந்து எடுத்துத்தான் பூசுவாக.

அது போக, பொறாமை போச்சான்னு கேட்டா, போகல. கடைசி வரைக்கும் போகலைன்னுதான் சொல்லுவாக.

அன்னைக்குக் கோயில்லேருந்து வீட்டுக்கு வந்தாள். தலைமுடியில திருநீறு ஒட்டியிருந்துச்சு. உரல்ல பாதி இடிஞ்ச கம்பு அப்பிடியே கெடந்துச்சு. ரெண்டு கோழி வாயை வச்சுக்கிட்டு இருந்ததை விரட்டிட்டு, மேல கெடந்த தூசியை ஊதித் தள்ளுனாள். அந்நேரம் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒம்பது நாளு கழிச்சு, ஃபூன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒரு தட்டு.

வயித்துக்குள்ள என்னமோ புரண்டுச்சாம். கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு நின்னாள். அப்புறம் சுவத்துல சாத்தியிருந்த உலக்கையை எடுத்து, ஓங்காம, கம்பு தெறிக்காம, மெல்ல இடிக்க ஆரம்பிச்சாளாம்.